சம்பளக் கவரும் லிஃப்ட் குழியும்: லியோ ஃபிராங்க் வழக்கு

1 டாலர் 20 சென்ட். அட்லாண்டா நகரத்து நேஷனல் பென்சில் கம்பெனி, மேரி ஃபேகன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமிக்குத் தர வேண்டியிருந்த கூலி அவ்வளவுதான். பென்சிலின் நுனியில் ரப்பரைப் பிடித்திருக்கும் உலோகப் பூணை மாட்டும் மெஷினில் அவளுக்கு வேலை. தகடு வந்து சேரவில்லை என்று அந்த வாரம் பாதியிலேயே வேலை நின்றுபோனது. 1913 ஏப்ரல் 26, சனிக்கிழமை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த தென்மாநில வீரர்களின் நினைவு நாள் அது, ஜார்ஜியாவில் விடுமுறை. மேரி முட்டைக்கோஸும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு டிராம் ஏறினாள். ஊர்வலம் பார்க்கப் போகுமுன் கூலியை வாங்கிக்கொள்ளலாம் என்று ஃபோர்சைத் தெருவிலிருந்த ஆலைக்கு வந்தாள்.

தெருவாசலிலிருந்து ஒரு படிக்கட்டு ஏறினால் ஆபீஸ். அதே தளத்தின் பின்கோடியில் அவள் வேலை பார்த்த உலோக அறை. கட்டடத்தின் அடியில் கரியும் குப்பையுமாக ஒரு நிலவறை. ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் ஆலை மேலாளர் லியோ ஃபிராங்க். இருபத்தொன்பது வயது, கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவர், புரூக்ளினில் வளர்ந்த யூதர். அவர் சொன்னபடி, சிறுமி வந்தாள், நம்பரைச் சொன்னாள், கவரை வாங்கினாள், "தகடு வந்துவிட்டதா?" என்று கேட்டாள், "இல்லை" என்றதும் போய்விட்டாள். அவள் யார் என்று பேர்கூடத் தனக்குத் தெரியாது என்றார்.

மறுநாள் விடியும் முன், மூன்று மணிக்கு மேல், இரவுக் காவலாளி நியூட் லீ விளக்குடன் நிலவறைக்கு இறங்கினார். மேரியின் உடல் அங்கே கிடந்தது. கழுத்தில் கயிறு. முகமெல்லாம் அப்பியிருந்த கரியில், வெள்ளைக்காரச் சிறுமியா கறுப்பினச் சிறுமியா என்றே வந்த போலீஸாருக்கு முதலில் தெரியவில்லை. பக்கத்தில் கிறுக்கலாய் எழுதிய இரண்டு சீட்டுகள். சாகும் தறுவாயில் மேரியே எழுதியதுபோன்ற பாவனை. உயரமான, ஒல்லியான, கறுப்பு ஆள் ஒருவன்தான் இதைச் செய்தான் என்பது சாராம்சம். நியூட் லீ உயரமானவர், ஒல்லியானவர், கறுப்பினத்தவர். உடனே உள்ளே தள்ளினார்கள்.

இந்த வழக்கைப் பற்றி யூத வெறுப்பு, கும்பல் வெறி, பத்திரிகைகளின் போட்டி என்று நிறைய எழுதியாயிற்று. எல்லாம் உண்மைதான். ஆனால் சாட்சியங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் எனக்குப் படுவது வேறு. வழக்கின் மையத்தில் நின்ற ஒரே ஒரு மனிதன் சொன்னதை, அரசுத் தரப்பும் சரி, எதிர்த்தரப்பும் சரி, காதுகொடுத்துக் கேட்கவே இல்லை. அந்த மனிதன் ஜிம் கான்லி, ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த கறுப்பினத்தவர்.

மே 1ஆம் தேதி ஆலைக்குள் ஒரு சட்டையைக் கறை போக அலசிக்கொண்டிருந்தபோது கான்லி பிடிபட்டார். எழுதத் தெரியாது என்று சொல்லிச் சீட்டு விவகாரத்திலிருந்து நழுவினார். அது பொய் என்று துப்பறிவாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ஃபிராங்க். கடன் கேட்டுத் தனக்கு இவன் எழுதியிருக்கிறான் என்று சொன்னார். மாட்டிக்கொண்ட கான்லி, மே 24 அன்று ஒரு வாக்குமூலம் கொடுத்தார்: ஃபிராங்க் சொல்லச் சொல்ல வெள்ளிக்கிழமையே சீட்டுகளை எழுதினேன். கொலை நடப்பதற்கு முந்தின நாளே கொலைச் சீட்டா என்று போலீஸாரே முகம் சுளிக்க, மே 28 அன்று தேதி சனிக்கிழமைக்கு நகர்ந்தது. அடுத்த நாளே இன்னொன்று: உலோக அறையில் சிறுமி செத்துக் கிடந்தாள், ஃபிராங்கும் நானும் தூக்கி, லிஃப்ட்டில் ஏற்றி, நிலவறையில் இறக்கினோம், பிறகு ஆபீஸில் உட்கார்ந்து சீட்டுகளை எழுதினோம். ஒவ்வொரு முறையும் ஓட்டையை அடைத்துக்கொண்டே கதை வளர்ந்தது. கடைசிக் கதைதான் அரசுத் தரப்பின் முதுகெலும்பு ஆயிற்று. ஃபிராங்க் மீதான குற்றச்சாட்டு அதற்கு முன்பே, மே 24 அன்றே பதிவாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

விசாரணை ஜூலை 28 அன்று நீதிபதி லியோனார்ட் ரோன் முன்பு தொடங்கியது. அரசு வழக்கறிஞர் ஹியூ டோர்சி. ஃபிராங்க் தரப்பில் லூதர் ராசர், ரூபன் அர்னால்டு என்ற இரண்டு பெரிய கைகள். புழுக்கத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே நின்ற கூட்டத்தின் சத்தம் ஜூரியின் காதில் விழும் தூரம்தான்.

வழக்கு சில நிமிடங்களுக்குள் அடங்குகிறது. மேரி தன்னிடம் வந்தது ஏறக்குறைய 12:05க்கும் 12:10க்கும் இடையில் என்றார் ஃபிராங்க். மான்டீன் ஸ்டோவர் என்ற இன்னொரு தொழிலாளிப் பெண்ணும் அதே கூலிக்காக வந்திருந்தாள். 12:05க்கு உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் காத்திருந்தும் ஆபீஸில் யாரும் இல்லை என்றாள். ஃபிராங்கோ தான் ஆபீஸை விட்டு நகரவில்லை என்று போலீஸில் சொல்லியிருந்தார். டோர்சி இந்த இடைவெளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தில் ஃபிராங்க் உலோக அறையில் இருந்தார், கொலை அப்போதுதான் நடந்தது என்பது அவர் வாதம். ஃபிராங்க் தரப்பின் பதில் சாதாரணமானது: கழிப்பறைக்குப் போயிருக்கலாம், இல்லாவிட்டால் திறந்து கிடந்த இரும்புப் பெட்டகத்தின் கதவு அவரை மறைத்திருக்கலாம். உண்மை பெரும்பாலும் இப்படிச் சப்பென்றுதான் இருக்கும். ஜூரிக்கு அது போதவில்லை. டிராம் ஊழியர்களோ வண்டி 12:07க்குப் பிறகுதான் அந்த நிறுத்தத்துக்கு வந்தது என்றார்கள். அப்படியானால் மான்டீன் போன பிறகுதான் மேரி வந்திருக்க வேண்டும், டோர்சியின் ஐந்து நிமிடமே காலி.

அதைவிடக் கனமானது கான்லியின் சொந்த நேரக் கணக்கு. பிணத்தை நகர்த்தத் தொடங்கியது ஒரு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது என்றார். உலோக அறையில் சுற்றிக் கட்டி, தூக்கி, தடுமாறிக் கீழே போட்டு, லிஃப்ட்டில் இறக்கி, மேலே வந்து, யாரோ வருகிறார்கள் என்று அலமாரிக்குள் ஒளிந்து, வெளியே வந்து சீட்டுகள் எழுதி, ஃபிராங்க் கான்லிக்குக் காசைக் கொடுத்துத் திரும்ப வாங்கி... அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். ஃபிராங்கை 1:10க்குத் தெருவில் டிராமுக்காக நிற்கப் பார்த்ததாக ஓர் இளம்பெண் சாட்சி சொன்னாள். 1:20க்கு வீட்டில் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார் என்றார்கள் வீட்டார். இன்னொன்று: அலமாரிக்குள் ஒளியக் காரணமாக கான்லி பேர் சொன்ன இரண்டு பெண்களும் 11:45க்கே ஆலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இத்தனையும் கையில் இருந்தும் ராசர் செய்தது என்ன? ஆகஸ்ட் 4, 5, 6 மூன்று நாளும் கான்லியைக் குறுக்கு விசாரணையில் மிரட்டினார். பொய்யன், குடிகாரன், அழுக்கன் என்று காட்டினார். கான்லி அசரவில்லை. முன்பு சொன்னது பொய்யா என்று கேட்டால், ஆமாம் ஐயா, பொய்தான் என்று பதில். பிடிபடும் இடம் வந்தால், ஞாபகமில்லை. பொய் சொன்னதை ஒத்துக்கொள்பவனைப் பொய்யன் என்று நிரூபித்து என்ன பயன்? ஃபிராங்கின் ஒழுக்கத்தைப் பற்றி கான்லி சொன்ன அசிங்கக் கதைகளையும் முதலில் எதிர்க்காமல் விட்டுவிட்டு, அதைப் பற்றியே குறுக்கு விசாரணையும் செய்துவிட்டு, பிறகு நீக்கச் சொல்லிக் கேட்டார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படிப்பவருக்கே தெரிந்த தவறு என்று சொன்னால் மிகையில்லை.

என் கணிப்பில் அவமதிப்புதான் கண்ணை மறைத்தது. இந்த ஆள் சுயமாக ஒரு கதையைக் கட்டக்கூடியவன் என்று ராசருக்கும் அர்னால்டுக்கும் தோன்றவில்லை. போலீஸ் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான், அழுத்தினால் உடைந்துவிடுவான் என்று எண்ணினார்கள். மறுபுறம் டோர்சியின் வாதமும் அதே இனவெறியில் நின்றதுதான்: கொலை செய்த கறுப்பன் ஓடுவானே தவிர உட்கார்ந்து சீட்டு எழுத மாட்டான், அந்தத் தந்திரம் வெள்ளை மூளையிலிருந்துதான் வந்திருக்கும். கறுப்பினத்தவரின் சாட்சியத்துக்கு மதிப்பே இல்லாத அந்தக் காலத்து ஜார்ஜியாவில், பன்னிரண்டு வெள்ளை ஜூரிகள் ஒரு வெள்ளைக்காரனைத் தண்டிக்க ஒரு கறுப்பினத்தவரின் பேச்சை நம்பியதன் விசித்திரம் இதுதான். அவரை மதித்ததால் நம்பவில்லை, பொய் கட்டும் அளவுக்கு மூளை இல்லை என்று நினைத்ததால் நம்பினார்கள்.

ஃபிராங்கும் தன் பங்குக்கு உதவவில்லை. அன்றைய ஜார்ஜியச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணத்துடன் சாட்சி சொல்ல முடியாது, அறிக்கை மட்டும் கொடுக்கலாம். ஆகஸ்ட் 18 அன்று ஏறத்தாழ நான்கு மணி நேரம் பேசினார். அதில் பெரும்பகுதி பென்சில் ஆர்டர்கள், விலைப்பட்டியல்கள், வாராந்தரக் கணக்குத்தாள். ஒவ்வொரு வகைப் பென்சிலின் எண்ணிக்கையையும் விலையையும் எப்படிக் கூட்டினேன் என்று விளக்கிக்கொண்டே போனார். அதில் அர்த்தம் இருந்தது. அன்று பிற்பகல் மணிக்கணக்கில் அந்த நுணுக்கமான கணக்கை எழுதியவன், மதியம் கொலை செய்து பிணம் சுமந்தவனாக இருக்க முடியுமா என்பதே கேள்வி. கையெழுத்தில் நடுக்கம் இல்லை. ஆனால் செத்துப்போன குழந்தையின் தாய் எதிரே உட்கார்ந்திருக்கும் கோர்ட்டில் கணக்குப் பாடம் எடுப்பவரை யார் நேசிப்பார்கள்?

சரி, இப்போது லிஃப்ட்டுக்கு வருவோம். இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கிய தடயம் சொல்லவே கூசும் ஒன்று. சனிக்கிழமை காலை லிஃப்ட் குழியின் அடியில் தான் மலம் கழித்ததாக கான்லியே ஒத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு விடியற்காலை போலீஸார் ஏணி வழியாக நிலவறைக்கு இறங்கியபோது அது நசுங்காமல் அப்படியே கிடந்ததைப் பார்த்தார்கள். பிறகு அதே காலையில் லிஃப்ட்டில் கீழே போனபோது பெட்டி அதன்மேல் இறங்கி நசுக்க, குப்பென்று நாற்றம் கிளம்பியது. அந்த லிஃப்ட் குழியின் தரையைத் தொட்டுத்தான் நிற்கும். ஆக சனிக்கிழமை காலைக்கும் ஞாயிறு விடியலுக்கும் இடையில் லிஃப்ட் கீழே இறங்கவே இல்லை. அப்படியென்றால் லிஃப்ட்டில் பிணம் இறங்கவில்லை. லிஃப்ட் பொய்யென்றால் கான்லியின் கதையில் எது மிஞ்சும்? விசாரணை நடந்தபோதே இந்தத் தகவல்கள் எல்லாம் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நாகரிகம் கருதி ஒதுக்கிவிட்டார்களோ என்னவோ!

சீட்டுகளிலும் இதே கதை. அவை ஆபீஸில் எழுதப்பட்டவை என்பது அரசுத் தரப்பு. ஆனால் அந்தத் தாள் பழைய ஆர்டர் புத்தகத்தின் கார்பன் பிரதி, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு மெக்கானிக்கின் கையெழுத்துத் தடம் அதில் இருந்தது. அவருடைய பழைய புத்தகங்கள் கிடந்த இடம் நிலவறை. இது மேல்முறையீட்டுக் காலத்தில்தான் வெளிவந்தது. உலோக அறையில் கடைசல் இயந்திரத்தில் சிக்கியிருந்த தலைமுடியை மேரியுடையது என்று காட்டியது அரசுத் தரப்பு. நுண்ணோக்கியில் பார்த்த அரசு மருத்துவர் ஹாரிஸ், அவளுடையது அல்ல என்று டோர்சியிடம் சொல்லியிருந்தார். அதுவும் 1914இல்தான் தெரிந்தது. இன்றைய சட்டத்தில் இது ஒன்றே போதும், தீர்ப்பு செல்லாமல் போக.

ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு. ஃபிராங்க் விடுதலையானால் கலவரம் வெடிக்கும் என்ற பயத்தில், குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வக்கீல்களும் கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்று நீதிபதியே ஏற்பாடு செய்திருந்தார். குற்றவாளி என்று அறிவித்ததும் வெளியே எழுந்த ஆரவாரத்தில், பத்தடி தூரத்தில் இருந்த ஜூரிகளின் பதிலைக் கேட்பதே நீதிபதிக்குச் சிரமமாக இருந்தது. மறுநாள் தூக்குத் தண்டனை. உடந்தையாக இருந்ததற்காக கான்லிக்கு ஓராண்டுச் சிறை.

கான்லி பேசியதை உண்மையில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவர் உண்டு. வில்லியம் ஸ்மித், கான்லியின் சொந்த வழக்கறிஞர். தன் கட்சிக்காரனை அரசுத் தரப்புச் சாட்சியாகத் தயார் செய்ததில் அவருக்கும் பங்கு உண்டு. வழக்கு முடிந்த பிறகு மனசு உறுத்த, சீட்டுகளையும் கான்லியின் சாட்சியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். செய்தான் என்பதற்குக் கறுப்பினத்தவர்கள் 'டிட்' (did) என்று சொல்ல மாட்டார்கள், 'டன்' (done) என்றுதான் சொல்வார்கள், சீட்டிலோ 'டிட்' இருக்கிறது, ஆகவே சீட்டைச் சொல்லிக் கொடுத்தது ஃபிராங்க் என்பது அரசுத் தரப்பின் வாதம். கோர்ட்டுப் பதிவிலோ கான்லி மூச்சுக்கு மூச்சு 'டிட்' என்கிறார். உயரமான, ஒல்லியான, கறுப்பு என்று அடைமொழியை அடுக்கிக்கொண்டே போகும் பழக்கம் சீட்டிலும் உண்டு, சாட்சிக் கூண்டிலும் உண்டு. எல்லாம் பதிவாகியிருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. 1914 அக்டோபரில் ஸ்மித், கொலையாளி என் கட்சிக்காரன்தான் என்று பகிரங்கமாக அறிவித்தார். ஒரு வக்கீல் செய்யக்கூடாத காரியம் என்று வாதிடலாம். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்க முடியாது, கான்லிக்கு இனி ஆபத்தில்லை என்பது அவர் கணக்கு. அட்லாண்டாவில் அவருடைய தொழில் அத்தோடு படுத்துவிட்டது.

மேல்முறையீடுகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. ஜார்ஜிய உச்ச நீதிமன்றத்தில் 4-2. 1915 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7-2. மாறுபட்ட இருவர் ஹோம்ஸ், ஹியூஸ். மிரண்டுபோன ஜூரி சம்மதித்துவிட்டது என்பதால் கும்பலின் சட்டம் முறையான சட்டமாகிவிடாது என்று எழுதினார் ஹோம்ஸ். எட்டு ஆண்டு கழித்து, 1923இல், ஆர்கன்சா மாநிலத்தில் கும்பல் மிரட்டலுக்கு நடுவே தண்டிக்கப்பட்ட கறுப்பினத்தவர்களின் வழக்கில் இதே கருத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பாக எழுதினார்.

கடைசியில் கோப்பு ஆளுநர் ஜான் ஸ்லேட்டனிடம் வந்தது. அவர் பெயர் ராசரின் சட்ட நிறுவனத்தோடு சேர்ந்திருந்தது, அதனால் என்ன முடிவெடுத்தாலும் சந்தேகப்படுவார்கள் என்று தெரிந்தும் பதவிக்காலம் முடியும் தறுவாயில் ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஆலைக்கே போய்ப் பார்த்தார். லிஃப்ட் விஷயத்தை முழுதாக எடுத்து எழுதியவர் அவர்தான். விசாரித்த நீதிபதி ரோனும் சாகுமுன் தன் சந்தேகத்தைக் கடிதமாக எழுதியிருந்தார். 1915 ஜூன் 21 அன்று தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. கும்பல் ஆளுநர் வீட்டை முற்றுகையிட, ராணுவம் காவலுக்கு வர வேண்டியிருந்தது. பதவி முடிந்ததும் ஸ்லேட்டன் மாநிலத்தை விட்டே போனார்.

அடுத்து நடந்தது தெரிந்த கதை. மில்லட்ஜ்வில் சிறையில் சக கைதி ஒருவன் ஃபிராங்கின் கழுத்தை அறுத்தான், பிழைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 16 இரவு, மரியெட்டா ஊரிலிருந்து இருபத்தைந்து பேர் அளவில் கார்களில் வந்து, டெலிபோன் கம்பியை அறுத்து, சிறையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டி, விடிந்ததும் மரியெட்டா அருகே ஒரு கருவாலி மரத்தில் தூக்கிலிட்டார்கள். வந்தவர்கள் ரவுடிகள் அல்ல, வக்கீல்களும் அரசியல் புள்ளிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும். ஒருவர் மீதும் வழக்கு இல்லை. தொங்கும் உடலின் படம் அஞ்சலட்டையாக விற்றது. டோர்சி பிறகு ஆளுநரானார். யூத வெறுப்பைப் பத்திரிகையில் கொட்டிய டாம் வாட்சன் செனட்டுக்குப் போனார்.

இதை ஹாலிவுட் 1937இல் கோர்ட் படமாக எடுத்தது. மெர்வின் லெராய் இயக்கிய 'தே வோன்ட் ஃபர்கெட்', அரசு வழக்கறிஞராக கிளாட் ரெயின்ஸ், கொலையாகும் பெண்ணாக அப்போது யாருக்கும் தெரியாத லானா டர்னர். பென்சில் ஆலை வணிகக் கல்லூரி ஆயிற்று, மேலாளர் வடக்கிலிருந்து வந்த ஆசிரியர் ஆனார், யூதர் என்பதே காணாமல் போனது. பதவிக்காகக் கேஸை ஜோடிக்கும் வக்கீலைக் காட்டுவதில் படம் இன்றும் காரம் குறையாதது. ஆனால் கல்லூரியின் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளி அதில் வெடவெடத்து நடுங்கும் அப்பாவி மட்டுமே. கான்லி போன்ற ஒரு சாமர்த்தியசாலியைக் கற்பனை செய்ய, நல்ல மனசுள்ள அந்தப் படத்துக்கும் முடியவில்லை.

1982இல் அலோன்சோ மான் என்ற முதியவர் நாஷ்வில் பத்திரிகை ஒன்றில் பேசினார். 1913இல் அவர் ஃபிராங்கின் ஆபீஸ் பையன், பதினான்கு வயது. அன்று மதியம் ஆலைக்குத் திரும்பியபோது, தெருத்தளத்தில் நிலவறைக்கு இறங்கும் பொறிக்கதவு அருகே கான்லி தனியாக ஒரு சிறுமியின் உடலைக் கையில் தாங்கி நின்றதைப் பார்த்தாராம். வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன் என்று கான்லி மிரட்ட, வாயைத் திறக்காதே என்று அம்மாவும் சொல்ல, சாட்சிக் கூண்டில் ஏறியும் சொல்லாமல் இறங்கிவிட்டார். எழுபது வருடம் கழித்து வரும் சாட்சியத்தை நானும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன். ஆனால் லிஃப்ட் குழி சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போகிறது: உடல் லிஃப்ட்டில் போகவில்லை.

மானின் வாக்குமூலத்தை வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். 1983இல் ஜார்ஜிய மன்னிப்பு வாரியம் மறுத்தது. 1986 மார்ச் 11 அன்று கொடுத்தது, அதுவும் ஒரு வரம்போடு. ஃபிராங்கைப் பாதுகாக்கத் தவறினோம், மேல்முறையீட்டு வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தோம், கொன்றவர்களைத் தண்டிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டது. குற்றவாளியா நிரபராதியா என்ற கேள்வியைத் தொடவில்லை. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அவரை நிரபராதி என்றே சொல்கிறார்கள். 1913 தீர்ப்பைத் தவறு என்று அந்த மன்னிப்பு ஆணை சொல்லவில்லை.